ஹுவே அரச முன்னோர் கோயில்: போகிறவர்களும் எழுதுகிறவர்களும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வியட்நாமின் ஹுவே நகரத்துக்குப் போய்விட்டு வருகிறவர்களிடம், அங்கே தே மியெவ் என்கிற அரச முன்னோர் கோயிலைப் பார்த்தீர்களா என்று கேட்டால் பாதிப் பேர் "அது எது?" என்பார்கள். மீதிப் பேர் "அந்த ஒன்பது பெரிய வெண்கலக் கொப்பரை இருக்குமே, அங்கேதானே" என்று கொப்பரையோடு எடுத்த படத்தைக் காட்டுவார்கள். கொப்பரைக்கு எதிரே இருந்த நீளமான மஞ்சள் ஓட்டுக் கட்டடத்துக்குள் யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்பதைப் பார்த்தவர்கள் ரொம்பக் குறைவு. 1802 முதல் 1945 வரை வியட்நாமை ஆண்ட நுயென் வம்சத்தின் மொத்தக் கதையும் அதற்குள்தான் இருக்கிறது. அதனால் இந்தக் கோயிலைப் பற்றித் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிற தவறுகளை ஒரே இடத்தில் எழுதிவிடலாம் என்று தோன்றியது.

முதலில் அடிப்படை. நுயென் வம்சத்தின் முதல் பேரரசர் யா லோங். இவர் 1802-ல் நாட்டை ஒன்றாக்கி ஹுவேயைத் தலைநகராக்கினார், 1820-ல் இறந்தார். அடுத்து வந்த மகன் மின் மாங், அப்பாவை வழிபடுவதற்காக 1821-22-ல் கட்டியதுதான் தே மியெவ். பின்னால் வந்த அரசர்களும் இறந்தபின் ஒவ்வொருவராக இங்கேயே சேர்க்கப்பட்டார்கள். ஹுவே நினைவுச்சின்னத் தொகுதி 1993-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது, வியட்நாமிலிருந்து அந்தப் பட்டியலுக்குள் போன முதல் இடம் அதுதான். தே மியெவ் அந்தத் தொகுதிக்குள் வருகிறது.

வழியிலேயே விட்டுவிடுவது

இதுதான் அதிகமாக நடக்கிறது, காரணமும் எளிமையானது. அரண்மனை வளாகத்துக்குள் தெற்கே இருக்கிற நோ மோன் வாசல் வழியாக நுழைகிறோம். நேர் எதிரே தாய் ஹோவா அரியணை மண்டபம். அதைத் தாண்டினால் அரசர் குடும்பம் வாழ்ந்த உள் வளாகம், அங்கிருந்து கிழக்கே ஹியென் ஞோன் வாசல் வழியாக வெளியே வந்தால் வண்டி காத்திருக்கும். சுற்றுலாக் குழுக்கள் பெரும்பாலும் இந்த நேர்கோட்டில்தான் போகின்றன. தே மியெவோ நுழைந்ததும் இடது பக்கம், தென்மேற்கு மூலையில், தனி மதிலுக்குள் இருக்கிறது. நடுப்பாதையில் நடக்கிறவர் கண்ணுக்குச் சிறப்பாக ஒன்றும் தெரியாது, ஒரு மதில் மட்டும் தெரியும். ஆகவே வழிகாட்டியோடு போகிறவர்கள் டிக்கெட் வாங்கும்போதே "தே மியெவும் உண்டுதானே?" என்று கேட்டுவிடுங்கள். தனியாகப் போகிறவர்கள் அரியணை மண்டபத்தைப் பார்த்த கையோடு இடதுபுறம் திரும்பிவிடுங்கள், உள் வளாகத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், ஏனென்றால் கிழக்கு வாசல் வரை போய்விட்டால் அந்த வெயிலில் திரும்பி வர யாருக்கும் மனசு வராது.

புத்தர் கோயில் என்று எழுதுவது

தமிழில் வருகிற சில பயணக் குறிப்புகளில் இதைப் "பௌத்த ஆலயம்" என்று போட்டுவிடுகிறார்கள். உள்ளே புத்தர் இல்லை. சிலையே கிடையாது. அரசர், அரசி பெயர் எழுதிய நினைவுப் பலகைகள்தான் வழிபாட்டுக்குரியவை. செம்பூச்சும் பொன் முலாமும் பூசிய மர மாடத்துக்குள் அந்தப் பலகை இருக்கும், மாடத்துக்கு முன்னால் படையலுக்கான மேசைகள், தூபக்கால், விளக்குத் தண்டுகள். செத்துப்போன அப்பா, தாத்தா, முப்பாட்டன் எல்லோரும் இன்னும் குடும்பத்தோடுதான் இருக்கிறார்கள், நேரத்துக்கு அவர்களுக்குச் சோறு வைக்க வேண்டும், நல்லது கெட்டதைப் போய்ச் சொல்ல வேண்டும் என்கிற நம்பிக்கையில் நடக்கிற இடம் இது. வியட்நாமில் சாதாரண வீட்டிலும் முன்னோருக்கு ஒரு பீடம் இருக்கும். அரச வீட்டுக்கு அது இத்தனை பெரிதாக இருக்கிறது, அவ்வளவுதான்.

இதோடு சேர்ந்து வருகிற இன்னொரு குழப்பம் கல்லறை. அரசர்களின் உடல்கள் இங்கே இல்லை. மின் மாங், து துக், காய் தின் என்று ஆளுக்கொரு கல்லறைத் தோட்டம் நகரத்துக்கு வெளியே, நறுமண ஆற்றை ஒட்டிய குன்றுகளுக்கிடையே பரந்து கிடக்கிறது. உடல் அங்கே, வழிபாடு இங்கே. கல்லறைகளை எல்லாம் பார்த்துவிட்டோம், கோயில் எதற்கு என்று இதை விட்டுவிடுகிறவர்கள் பாதியைத்தான் பார்த்திருக்கிறார்கள். ஹனோயில் இருக்கிற இலக்கியக் கோயிலோடு குழப்பிக்கொள்கிறவர்களும் உண்டு, அது கன்ஃபூசியஸுக்காக 1070-ல் ஏற்பட்டது, ஊரும் வேறு, காலமும் வேறு, சங்கதியே வேறு.

ஒன்றைச் சொல்லாமல் நகர முடியவில்லை. அரசர்கள் காலத்தில் இந்தக் கோயிலுக்குள் பெண்கள் வரக்கூடாது என்று இருந்தது. அரசியாக இருந்தாலும் சரி, அரசரைப் பெற்ற தாயாக இருந்தாலும் சரி. அவர்கள் வழிபடுவதற்கென்று இதே வளாகத்தில் புங் தியென் என்ற வேறொரு கோயில் இருந்தது. ஆனால் தே மியெவ் பீடங்களில் அரசர்களோடு அரசிகளின் பலகைகளும் இருக்கின்றன. யா லோங்குக்குப் பக்கத்தில் அவருடைய இரண்டு அரசிகள், அதாவது துவா தியென், துவான் தியென் இருவரும். மின் மாங்கின் தாயார்தான் துவான் தியென். தன் மகன் கட்டிய கோயிலுக்குள் உயிரோடு காலெடுத்து வைக்க முடியாதவர், 1846-ல் இறந்த பிறகு பெயர்ப் பலகையாகத்தான் உள்ளே போனார். அந்த நடுப் பீடத்துக்கு முன்னால் நிற்கும்போது இது ஞாபகத்தில் இருந்தால் பார்வையே மாறிவிடும்.

பீடங்களை எண்ணாமல் வருவது

என்னைக் கேட்டால் எல்லாவற்றிலும் பெரிய தவறு இதுதான். நுயென் வம்சத்தில் மொத்தம் 13 அரசர்கள். உள்ளே இருப்பது 10 பீடங்கள். அந்த மூன்று பேர் எங்கே என்று கேட்காமல் வந்துவிட்டால் தூணையும் ஓட்டையும் பார்த்ததோடு சரி.

முதலில் இருந்தது ஏழு பீடங்கள்தான்: யா லோங், மின் மாங், தியெவ் திரி, து துக், கியென் ஃபுக், தோங் கான், காய் தின். இவர்களெல்லாம் நல்ல அரசர்கள், அதனால் இடம் கிடைத்தது என்று சிலர் எழுதுகிறார்கள். அப்படி இல்லை. இந்த ஏழு பேரையும் வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒரே ஒரு பொது விஷயம் தெரியும், ஏழு பேரும் அரியணையில் இருக்கும்போதே இறந்தவர்கள். கியென் ஃபுக் பதினைந்து வயதுப் பையன், ஆண்டது சில மாதங்கள்தான், 1884-ல் இறந்துவிட்டான், ஆனாலும் அவனுக்குப் பீடம் உண்டு. தோங் கானைப் பிரெஞ்சுக்காரர்கள்தான் 1885-ல் அரியணையில் ஏற்றினார்கள், அவருக்கும் உண்டு. பதவியிலிருந்து இறக்கப்பட்டவர்களுக்குத்தான் இல்லை.

அப்படி இறக்கப்பட்டவர்களில் மூன்று பேரைப் பற்றித் தெரிந்துகொள்ளாமல் இந்தக் கோயிலுக்குள் போகவே கூடாது என்பேன். ஹாம் நி 1885-ல் அரண்மனையை விட்டு மலைக்குப் போய்ப் பிரெஞ்சுக்காரர்களுக்கு எதிரான எழுச்சிக்குத் தன் பெயரைக் கொடுத்த பதின்வயது அரசர். 1888-ல் பிடிபட்டு அல்ஜீரியாவுக்கு நாடு கடத்தப்பட்டார், அங்கேயே ஓவியம் வரைந்து வாழ்ந்து அங்கேயே இறந்தார். தான் தாய் என்ற அரசர், பிரெஞ்சுக்காரர்கள் சொன்னபடி ஆடாததால் பைத்தியம் என்று பட்டம் கட்டி 1907-ல் இறக்கப்பட்டவர். அவருக்குப் பதிலாக அவருடைய ஏழெட்டு வயது மகன் யுய் தானை உட்கார வைத்தார்கள், சின்னப் பையன்தானே, சொன்னபடி கேட்பான் என்று. அந்தப் பையன் 1916-ல் எழுச்சிக்குத் திட்டம் போட்டவர்களோடு சேர்ந்து இரவோடு இரவாக அரண்மனையை விட்டு வெளியேறினான். திட்டம் வெளியே தெரிந்துபோய்ப் பிடிபட்டான். அப்பா, மகன் இருவரையும் இந்தியப் பெருங்கடலில் இருக்கிற ரீயூனியன் தீவுக்குக் கப்பலேற்றினார்கள். கரும்புத் தோட்ட வேலைக்கு ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர்கள் கொண்டுபோகப்பட்டு, அவர்களுடைய வழித்தோன்றல்கள் இன்றும் தீ மிதிக்கிற அதே ரீயூனியன்தான். யுய் தான் 1945 டிசம்பரில் ஆப்பிரிக்காவில் விமான விபத்தில் இறந்தார். தான் தாய் 1947-ல் வியட்நாமுக்குத் திரும்ப முடிந்தது, 1954-ல் சைகோனில் இறந்தார்.

பிரெஞ்சு ஆட்சி இருந்தவரை இந்த மூன்று பேருக்கும் தே மியெவில் இடம் இல்லை. பிரெஞ்சுக்காரர்கள் போன பிறகு, 1950-களின் கடைசியில்தான் மூவருடைய பலகைகளும் உள்ளே கொண்டுவரப்பட்டு ஏழு பீடம் பத்தானது. அரசாட்சியே முடிந்துபோயிருந்த நேரம் அது. அந்த நாட்டு மக்கள் அந்த மூன்று பேரையும் மறக்கவில்லை என்பதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

சரி, மிச்சம் மூன்று பேர். து துக்குக்குப் பிள்ளை இல்லை, அதனால் 1883-ல் அவர் இறந்ததும் அடுத்தடுத்து அரியணை கைமாறியது. யுக் துக் மூன்றே நாள் அரசராக இருந்து இறக்கப்பட்டு, சிறையில் பட்டினி கிடந்து செத்தார். அடுத்து வந்த ஹியெப் ஹோவா நான்கு மாதத்தில் இறக்கப்பட்டு விஷம் கொடுத்துக் கொல்லப்பட்டார். இவர்கள் இருவருக்கும் இங்கே பீடம் இல்லை. கடைசி அரசர் பாவ் தாய் 1945 ஆகஸ்ட் 30 அன்று நோ மோன் வாசலில் முத்திரையையும் வாளையும் ஒப்படைத்து முடி துறந்தவர், 1997-ல் பாரிஸில் இறந்தார். அவருக்கும் இல்லை. யுக் துக்கின் மகன் தான் தாய், பேரன் யுய் தான். அதாவது மகனும் பேரனும் உள்ளே உட்கார்ந்திருக்க, தாத்தா வெளியே. அந்தத் தாத்தாவுக்கான வழிபாடு நகரத்திலேயே ஆன் லாங் என்ற கல்லறை வளாகத்தில் நடக்கிறது. யுய் தானின் எச்சங்களை 1987-ல் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவந்து அப்பாவுக்குப் பக்கத்தில் அங்கேதான் அடக்கம் செய்தார்கள், மூன்று தலைமுறையும் கடைசியில் ஒரே இடத்தில் சேர்ந்தது அங்கேதான். காய் தின் கல்லறைக்கு ஓடுகிற கூட்டத்தில் கால்வாசிகூட ஆன் லாங்குக்குப் போவதில்லை. நேரம் இருந்தால் கட்டாயம் போங்கள்.

இடது வலது மாறிப்போவது

யார் பீடம் எது என்று அடையாளம் காணும்போது நிறையப் பேர் தடுமாறுவது இங்கேதான். நடுவில் யா லோங், அவருக்கு இடப்பக்கம் மின் மாங், வலப்பக்கம் தியெவ் திரி, அப்புறம் மறுபடி இடம், வலம் என்று தலைமுறை மாறி மாறிப் போகும் என்று புத்தகத்தில் போட்டிருக்கும். நாம் பீடத்தைப் பார்த்து நின்றுகொண்டு நம் இடது கையை நீட்டி "இதுதான் மின் மாங்" என்று சொல்லிவிடுகிறோம். அங்கே இடம் வலம் என்பது பீடத்தில் இருப்பவருக்கு, பார்க்க வந்த நமக்கு அல்ல. அவர் தெற்கு நோக்கி உட்கார்ந்திருக்கிறார், அவருடைய இடது கிழக்கு, அதுதான் உயர்ந்த பக்கம். நமக்கு அது வலது கை. வளாகம் முழுவதும் இதே கணக்குத்தான். யா லோங்குக்கு முன்னால் தெற்குப் பகுதியை ஆண்ட ஒன்பது நுயென் பிரபுக்களுக்கான தாய் மியெவ் என்ற கோயில் கிழக்குப் பக்கம் கட்டப்பட்டதற்கும், அவர்களுக்குப் பின்னால் வந்த அரசர்களுக்கான தே மியெவ் மேற்கே வந்ததற்கும் இதுதான் காரணம்.

கொப்பரைகளைத் தூபக்கால் என்று நினைப்பது

இனி அந்த ஒன்பது வெண்கலக் கொப்பரைகள். மின் மாங்கின் உத்தரவில் 1835-ல் வார்ப்பு வேலை தொடங்கி 1837-ல் இங்கே நிறுத்தப்பட்டன. ஒவ்வொன்றும் ஆள் உயரத்தைத் தாண்டும், எடை ஏறக்குறைய 1.9 டன்னிலிருந்து 2.6 டன் வரை. சமைப்பதற்கோ தூபம் போடுவதற்கோ செய்தவை அல்ல. வம்சம் அசையாமல் நிற்க வேண்டும் என்பதற்கான அடையாளம் இவை. ஒன்பதும் ஒரே அச்சு என்று தூரத்திலிருந்து தோன்றும். பக்கத்தில் போய்ப் பாருங்கள், காதுப்பிடி ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு மாதிரி, காலும் எல்லாவற்றுக்கும் ஒன்றுபோல இருக்காது.

நடுவில் கொஞ்சம் முன்னே தள்ளி நிற்பது காவ், யா லோங்குக்கானது. மற்றவை ஞான், சுவோங், ஆன், நி, துவான், துயென், யு, ஹுயென். ஒன்பது கொப்பரை என்றால் ஒன்பது அரசர் என்று வழிகாட்டிகளே சில சமயம் சொல்லிவிடுகிறார்கள். கணக்கு அப்படி வராது. மின் மாங் இவற்றை வைத்தபோது இறந்திருந்த பேரரசர் யா லோங் ஒருவர்தான். மற்ற எட்டும் இனி வரப்போகிறவர்களுக்கு முன்கூட்டியே வார்த்து வைத்தவை, அந்தந்த அரசர் இறந்தபின் கொப்பரையின் பெயர் அவருடைய வழிபாட்டுப் பெயரில் சேர்ந்துகொள்ளும். அப்படி ஏழு கொப்பரைகளுக்கு அரசர்கள் வந்தார்கள். யு, ஹுயென் இரண்டுக்கும் கடைசி வரை யாரும் வரவில்லை. உள்ளே பிற்பாடு சேர்க்கப்பட்ட மூன்று பேருக்கோ வெளியே கொப்பரை இல்லை. அதனால் பீடத்தையும் கொப்பரையையும் ஒன்றுக்கொன்று பொருத்திப் பார்த்தால் பொருந்தவில்லையே என்று குழம்ப வேண்டாம், ஏழுக்கு மேல் பொருந்தாது.

அடுத்தது, படம் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவது. ஒவ்வொரு கொப்பரையின் வயிற்றைச் சுற்றியும் 17 புடைப்பு உருவங்கள் உண்டு, ஒன்பதிலும் சேர்த்து 153. காவ் கொப்பரை ஒன்றை மட்டும் சுற்றி வந்து பாருங்கள்: சூரியன், கிழக்குக் கடல், மலை, ஆறு, புலி, கடல்நாகம் போல நெளிகிற டிராகன், ஆமை, நெல், வெங்காயச் செடி, அகில் மரம், பீரங்கி, பல பாய் கட்டிய கப்பல், எல்லாவற்றோடும் ஒரு பலாப்பழம். மெக்கோங் பகுதியில் 1819-லிருந்து 1824 வரை வெட்டிய வின் தே கால்வாயும் அதில் இருக்கிறது, அதாவது வார்க்கும்போது பத்துப் பன்னிரண்டு வருடம் முன்னால் வெட்டி முடித்த கால்வாய் அது. ஞான் கொப்பரையில் ஹுவே ஆறும், நகரத்துக்கு எதிரே திரை போல நிற்கிற நூ பின் குன்றும், தாமரையும், மயிலும். இன்னும் தள்ளிப் போனால் மல்லிகை, மாம்பழம், பாக்கு. வடக்கிலிருந்து தெற்கு வரை ஒரே நாடாக இருக்கிற தன் தேசத்தில் என்னென்ன விளைகிறது, பறக்கிறது, ஓடுகிறது என்று ஓர் அரசர் வெண்கலத்தில் எடுத்த பட்டியல் இது. 2012-ல் வியட்நாம் இவற்றைத் தேசியப் பொக்கிஷமாக அறிவித்தது, 2024 மே மாதம் இந்தப் புடைப்பு உருவங்கள் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் உலக நினைவகப் பதிவேட்டில் சேர்ந்தன. கொப்பரைகளில் சில இடங்களில் போர்க்காலத்துத் தோட்டா பட்ட வடுக்கள் இருக்கும், அவற்றை வார்ப்புக் குறை என்று நினைத்துவிட வேண்டாம்.

கொப்பரைகளுக்குப் பின்னால் நிற்கிற மூன்று மாடி மரக் கட்டடத்தை நுழைவாயில் கோபுரம் என்று எண்ணி அடியில் புகுந்து போய்விடுவார்கள். அது ஹியென் லாம் காக், ஏறக்குறைய 17 மீட்டர், அரண்மனை வளாகத்திலேயே உயரமானது, இதைவிட உயரமாக உள்ளே எதையும் கட்டக்கூடாது என்று விதியே இருந்தது. வம்சத்தை நிறுவ உழைத்தவர்களின் நினைவுக்காக எழுப்பியது. இரண்டு பக்கமும் இருக்கிற சிறிய கட்டடங்களில் அமைச்சர்களுக்கும் தளபதிகளுக்கும் வழிபாடு நடந்தது. அரசரின் கோயில் வாசலிலேயே அவருக்காகப் பாடுபட்டவர்களுக்கும் இடம் வைத்திருக்கிறார்கள்.

சீனாவின் நகல் என்று சொல்லிவிடுவது

பெய்ஜிங் பார்த்தவர்கள் ஹுவேக்கு வந்தால் "அதன் சின்னப் பதிப்பு" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். முன்னோர் கோயில் முறை, இடம்-வலம் வரிசை எல்லாம் சீன மரபிலிருந்து வந்தவை என்பது உண்மை. ஆனால் தே மியெவுக்குள் நின்று மேலே பாருங்கள். முன்னால் ஒரு வீடு, பின்னால் ஒரு வீடு, இரண்டுக்கும் தனித்தனிக் கூரை, இரண்டையும் நடுவில் வளைந்த கூரையால் சேர்த்து உள்ளே ஒரே கூடமாக ஆக்கியிருப்பார்கள். ஹுவே அரண்மனைக் கட்டடங்களின் தனி முத்திரை இது. கட்டடம் அகலமாகப் பரந்து ஏறக்குறைய 55 மீட்டர் நீளம் போகும், உயரம் மட்டும் தாழ்வு. புயலும் அடைமழையும் வருகிற ஊரில் அப்படித்தான் கட்ட முடியும். அரண்மனையைச் சுற்றியிருக்கிற வெளிக்கோட்டையோ பிரெஞ்சுக் கோட்டை முறையைத் தழுவியது. இத்தனை கை பட்ட இடத்தை நகல் என்று ஒரு சொல்லில் அடக்குவது நியாயமே இல்லை.

எல்லாம் பழசு, இல்லையென்றால் எல்லாம் புதுசு

பளபளவென்று அரக்குப் பூச்சைப் பார்த்ததும் "எல்லாம் இப்போது கட்டினது" என்று ஒரு கூட்டம், இன்னொரு பக்கம் "இருநூறு வருடமாக அப்படியே இருக்கிறது" என்று ஒரு கூட்டம். இரண்டும் தவறு. 1947 தொடக்கத்தில் பிரெஞ்சுப் படை திரும்பி வந்தபோது நடந்த சண்டையில் அரண்மனையின் பெரும்பகுதி எரிந்தது. தாய் மியெவும், பெண்கள் வழிபட்ட புங் தியெனும் போயின. தே மியெவுக்குப் பின்னால் யா லோங்கின் பெற்றோருக்கான ஹுங் மியெவும் எரிந்தது, இப்போது இருப்பது 1951-ல் எழுப்பியது. 1968-ல் இதே கோட்டைக்குள் வாரக்கணக்கில் போர் நடந்தது. இத்தனைக்கும் நடுவில் தே மியெவ் தப்பி நின்றது, அப்புறம் பல தடவை பழுது பார்க்கப்பட்டது. நடு வியட்நாமின் மீ சோனில் இருக்கிற பழைய சம்பா அரசுக் காலத்துக் கோயில்களைக் காப்பாற்ற உழைத்த போலந்துக் கட்டடக் கலைஞர் காஸிமியெஷ் க்வியாட்கோவ்ஸ்கி 1997-ல் ஹுவேயில் மறுசீரமைப்பு வேலையில் இருக்கும்போதே இறந்தார். மரக் கட்டடத்துக்கு ஓடு மாற்றுவதும், அரிபட்ட தூணை மாற்றுவதும், அரக்குப் பூசுவதும் நின்றுவிட்டால் கட்டடமே இருக்காது. பழைய மரமும் புதுப் பூச்சும் சேர்ந்ததுதான் இதன் இயல்பு. வெறும் மதிலும் மேடையுமாகக் கிடக்கிற புங் தியென் இடத்தையும் போய்ப் பாருங்கள், தப்பாதவற்றின் கதி என்ன என்று அங்கே தெரியும்.

நடந்துகொள்வதில்

செருப்பைக் கழற்றிவிட்டுப் போங்கள். பீடங்கள் இருக்கிற கூடத்துக்குள் படம் எடுக்க வேண்டாம், எடுக்காதே என்று பலகை இருக்கிறதா இல்லையா என்று தேடவும் வேண்டாம். நுயென் குடும்பத்து வழித்தோன்றல்கள் இன்றும் இங்கே வந்து அரசர்களுக்குத் திதி கொடுக்கிறார்கள், சடங்கு நடக்கும் நாளில் போக நேர்ந்தால் ஓரமாக நில்லுங்கள். நம் ஊர் பழக்கத்தில் பக்தியோடு ஊதுபத்தி ஏற்றலாம் என்று தோன்றும், அது பழைய மரமும் அரக்கும் நிறைந்த கட்டடம், அங்கே இருப்பவர்கள் அனுமதிக்காமல் ஏற்றக்கூடாது. அரச உடையை வாடகைக்கு எடுத்துப் போட்டுக்கொண்டு வளாகமெங்கும் படம் எடுப்பது ஹுவேயில் இப்போது சாதாரணம், முற்றத்தில் எடுத்துக்கொள்ளுங்கள், பேரரசரின் மஞ்சள் உடையில் பீடத்துக்கு முன்னால் போய் நிற்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

கொப்பரையைத் தொடாதீர்கள், தட்டிச் சத்தம் கேட்காதீர்கள், உள்ளே காசு போடாதீர்கள், குழந்தையைத் தூக்கி அதன் காலில் உட்கார வைக்காதீர்கள். ஒருவர் தொட்டால் என்ன ஆகிவிடும் என்று கேட்கிறவர்கள் 2025 மே மாதம் நடந்ததை நினைத்துக்கொள்ளட்டும். இதே வளாகத்தில், தாய் ஹோவா மண்டபத்தில், பார்க்க வந்த ஒருவர் தடுப்பைத் தாண்டிப் போய் அரியணையில் ஏறி அதன் கைப்பிடியை உடைத்துவிட்டார். அதுவும் தேசியப் பொக்கிஷம்தான். இத்தனை போரைத் தாண்டி வந்த பொருள் ஒரு மனிதரின் சில நிமிடத்தில் உடைந்தது.

நேரம்

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை ஹுவே வெயில் நம் சித்திரை வெயிலுக்குக் குறையாது, முற்றம் முழுக்கக் கல் பாவியது. அக்டோபர், நவம்பரில் அடைமழை, சில வருடங்களில் நகரத்துக்குள்ளேயே வெள்ளம் வந்துவிடும். பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை போனால் சௌகரியம், அதுவும் வாசல் திறந்ததும் நுழைந்துவிட்டால் குழுக்கள் வருவதற்குள் தே மியெவ் பார்த்துவிடலாம். ஒரு மணி நேரமாவது ஒதுக்குங்கள். முதலில் உள்ளே போய்ப் பீடங்களை நடுவிலிருந்து எண்ணிக்கொண்டு வாருங்கள், அப்புறம் வெளியே வந்து கொப்பரைகளைப் பாருங்கள், அந்த வரிசையில் பார்த்தால்தான் எந்தக் கொப்பரை யாருடையது, எது யாருக்கும் இல்லாதது என்று புரியும். அது முடிந்ததும் பின்பக்கமாக வடக்கே நடந்தால் ஹுங் மியெவ், புங் தியென் இடிபாடு, அதற்கு அப்பால் அரசரின் தாயார் வாழ்ந்த தியென் தோ வளாகம் வரை நிழலும் அமைதியுமாகப் போகலாம், அங்கிருந்து கிழக்கே திரும்பினால் விட்டுப்போன உள் வளாகம்.